விற்பனைக்கு அல்ல

'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்தி இலவசமாகக் கொடுத்த பொருளுக்குத்தான் ஐம்பது வருடம் கழித்து அதிக விலை சொல்கிறார்கள். புத்தக உலகில் இது நமக்குப் பழகிய சங்கதி. பதிப்பாளர் ஆசிரியருக்குக் கொடுக்கும் மாதிரிப் பிரதியும், மதிப்புரைக்கு அனுப்பும் பிரதியும் மறு மாதமே பழைய புத்தகக் கடைக்கு வந்துவிடும். இசைத்தட்டு உலகிலோ இதற்கென்று தனிச் சந்தையே இருக்கிறது.

1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒரு ராக் இசைக் குழுவின் ஆல்பம் வெளிவந்தால், கடைக்குப் போகும் தட்டைத் தவிர இன்னொரு தட்டும் தயாராகும். வானொலி நிலையங்களுக்கு மட்டும் போகும் தட்டு. முப்பது விநாடி, அறுபது விநாடி விளம்பரங்கள், பாட்டின் ஒரு துண்டு, கலைஞர்களின் குரல் என்று அதில் இருக்கும். நிலையத்தார் ஒலிபரப்பிவிட்டுத் தூக்கி எறிய வேண்டியது. எறியாமல் வைத்துக்கொண்டவர்கள் கெட்டிக்காரர்கள்.

இவற்றில் சில வேடிக்கையானவை. பீட்டில்ஸ் குழுவுக்காக 1964-இல் அமெரிக்காவின் கேபிட்டல் கம்பெனி அனுப்பிய தட்டு ஒன்றில் பதில்கள் மட்டும் இருந்தன, கேள்விகள் இல்லை. கேள்விகளைத் தனியே அச்சிட்டு அனுப்பினார்கள். ஊர் அறிவிப்பாளர் தாளைப் பார்த்துக் கேள்வியைப் படிப்பார். தட்டில் விட்டிருக்கும் இடைவெளி முடிந்ததும் பதில் வரும். பீட்டில்ஸ் தங்கள் ஊர் நிலையத்துக்கே வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று நேயர்கள் மயங்கிப் போவார்கள்.

அந்தக் குழு 1970-இல் பிரிந்தது. 1974-இல் ஜான் லெனனின் 'வால்ஸ் அண்ட் பிரிட்ஜஸ்' ஆல்பம் வந்தபோது அதன் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவர் ரிங்கோ ஸ்டார். அதே வருடம் ரிங்கோவின் 'குட்நைட் வியன்னா' வந்தபோது லெனன் பதிலுக்குக் குரல் கொடுத்தார். பிரிந்துபோன இரண்டு நண்பர்கள் ஒருவர் சரக்கை மற்றவர் கூவி விற்ற சில விநாடிகள். ஆல்பத்தை வாங்கியவனுக்கு அது கிடைக்காது. விளம்பரத் தட்டை வைத்திருந்தவனுக்கே கிடைக்கும். ரசிகர்கள் அதைத் தேடி அலைவதில் ஆச்சரியம் இல்லை.

நம் நாட்டில் இது தலைகீழாக நடந்தது. அங்கே இசைத்தட்டை விற்க விளம்பரம் செய்தார்கள். இங்கே சிகரெட் விற்க இசைத்தட்டு போட்டார்கள்.

'சிம்லா' என்று ஒரு சிகரெட் இருந்தது. அதைத் தயாரித்தது இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி. 1910-இல் தொடங்கிய இந்த நிறுவனம் 1970-இல் இந்தியா டொபாக்கோ கம்பெனி என்று பெயர் மாறி, 1974-இல் ஐ.டி.சி. ஆயிற்று. இளைஞர்களிடம் சிகரெட்டைக் கொண்டுசேர்க்க அவர்கள் கண்டுபிடித்த வழி 'சிம்லா பீட்' போட்டி. கிதார், டிரம்ஸ் சகிதம் ஆங்கிலப் பாட்டுப் பாடும் குழுக்களை அன்று 'பீட் குரூப்' என்பார்கள். நாடெங்குமிருந்து இப்படிப்பட்ட குழுக்களை வரவழைத்துப் போட்டி வைத்தார்கள். அதன் விளைவாக வந்தவை இரண்டு எல்.பி. இசைத்தட்டுகள்: 'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71'.

போட்டியின் மேடை எது தெரியுமா? பம்பாய் ஷண்முகானந்தா ஹால். மாட்டுங்கா, சயான் தமிழர்களுக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கர்நாடக இசைக்காக 1952-இல் இங்குள்ள தென்னிந்தியர்கள் தொடங்கிய சபை அது. 1963-இல் சொந்த அரங்கம் கட்டினார்கள். 1990-இல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி கட்டி 1998-இல் திறந்தார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய அரங்கம். அதே மேடையில் தலைமுடி தோளில் புரளும் பையன்கள் கிதாரை அலறவிட்டார்கள். முதல் வரிசையில் விபூதிப் பட்டையோடு சபைக்காரர்கள் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்பதற்குப் பதிவு இல்லை. வாடகை வந்திருக்கும். சபைகளின் பொருளாதாரம் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

சென்னையின் 'கன்ஃப்யூஷன்ஸ்', பெங்களூரின் 'டைனோஸர்ஸ்', கல்கத்தாவின் 'கிரேட் பேர்', ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்' என்று அந்தத் தட்டுகளில் உள்ள பெயர்களைப் படித்தாலே ஒரு தேசப்படம் விரிகிறது. சிலர் மேல்நாட்டுப் பாட்டையே பாடினார்கள். டைனோஸர்ஸ் எடுத்துக்கொண்டது 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்ற அமெரிக்கக் குழு 1969-இல் வெளியிட்ட பாட்டு. வேறு சிலர் தாங்களே எழுதி மெட்டமைத்துப் பாடினார்கள். ஃபென்டோன்ஸ் வாசித்த ஒன்றின் தலைப்பிலேயே சிகரெட்டின் பெயர் இருக்கிறது.

இந்த இரண்டு தட்டுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். காரணம் எளிது. அன்று இசைத்தட்டுத் தொழில் பெரும்பாலும் எச்.எம்.வி.யின் கையில் இருந்தது. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் சினிமாப் பாட்டும் சாஸ்திரீய சங்கீதமும் பக்திப் பாட்டும் அச்சானது போக, இங்கிலீஷ் பாட்டுப் பாடும் உள்ளூர்ப் பையன்களுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். நாலு பாட்டு அடங்கும் சிறிய தட்டு சில குழுக்களுக்குக் கிடைத்தது. பல குழுக்களுக்கு அதுவும் இல்லை. நல்ல கிதாரும் ஆம்ப்ளிஃபையரும் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் கிடைக்காத காலம். தாங்களே செய்தும் இரவல் வாங்கியும் வாசித்தார்கள். கல்லூரி முடிந்ததும் வங்கி வேலைக்கோ, அப்பாவின் வியாபாரத்துக்கோ, கப்பலுக்கோ போய்விட்டார்கள்.

அவர்களைப் பற்றி எழுதிய பத்திரிகைகளும் குறைவு. கல்கத்தாவில் 'ஸ்டேட்ஸ்மன்' நிறுவனம் 1967-இல் தொடங்கிய 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' இவர்களைக் கொண்டாடியது. 1977-இல் அதுவும் நின்றது. அந்தத் தலைமுறையின் கதையை சித்தார்த் பாட்டியா 2014-இல் 'இந்தியா சைக்கெடெலிக்' என்று புத்தகமாக எழுதினார். அதைப் படிக்கும்போது ஒன்று புரியும். நேரில் கேட்டவர்களின் ஞாபகத்தைத் தவிர அந்தக் குழுக்களில் பலவற்றுக்கு எந்த அடையாளமும் இல்லை. சிகரெட் கம்பெனியின் தட்டில் இடம் பிடித்தவர்களின் குரல் மட்டும் பிழைத்திருக்கிறது. இன்று அந்தத் தட்டுகளின் மூலப் பிரதிகளை வெளிநாட்டு ரசிகர்கள் தேடுகிறார்கள். மறுபதிப்பும் வெளிநாட்டில் வந்திருக்கிறது.

ஆக, இசைக்கென்றே இருந்த கம்பெனி பதிவு செய்யாததைப் புகையிலைக் கம்பெனி பதிவு செய்தது. இதைச் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். ஐ.டி.சி. இசைக்குச் செய்தது இது மட்டுமல்ல. 1971-இலிருந்து இந்துஸ்தானி இசை மாநாடுகளை நடத்தியது. 1977-இல் கல்கத்தாவில் சங்கீத ஆராய்ச்சி அகாடமியை நிறுவியது. இதெல்லாம் புண்ணியக் கணக்கில் வரலாம். ஆனால் 'சிம்லா பீட்' தர்ம காரியம் அல்ல. பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் கையில் ஒரு சிகரெட் பெட்டியைத் திணிக்கச் செய்த ஏற்பாடு. பாடியவர்களின் குரல் தட்டில் இருக்கிறது. கேட்டுவிட்டு வெளியே வந்து முதல் சிகரெட்டைப் பற்றவைத்தவர்களின் இருமலுக்குத் தட்டு இல்லை. 2003-இல் வந்த சட்டம் சிகரெட் விளம்பரத்தையும், சிகரெட் பெயரில் நிகழ்ச்சி நடத்துவதையும் தடை செய்தது. செய்ய வேண்டிய தடைதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இருந்தாலும் கேள்வி நிற்கிறது. விளம்பரத்துக்காகச் செய்தார்கள் என்பதற்காக அந்தப் பதிவுக்கு மதிப்பு இல்லையா? ராஜாவின் புகழைப் பாடத்தான் மெய்க்கீர்த்தி பொறித்தார்கள். இன்று நாம் அந்தக் கல்வெட்டுகளிலிருந்து நில அளவையும் நெல் விலையும் தெரிந்துகொள்வதில்லையா? தமிழ் படித்தவன் இதை மறுக்க முடியாது. கல்வெட்டும் ஒரு வகையில் விளம்பரம்தான். வித்தியாசம், அது கல்லில் இருந்தது.

ஒலியைப் பொறுத்தவரை கல்லுக்குப் பக்கத்தில் வருவது இசைத்தட்டு. தட்டில் இருப்பது வெறும் பள்ளம். கீறல் விழலாம், தேயலாம், ஆனால் ஒரு பாட்டை அழித்துவிட்டு அதன் மேல் இன்னொரு பாட்டைப் பதிக்க முடியாது. ஒலிநாடா அப்படியல்ல. அதன் மேல் பூசிய காந்தத் துகளில்தான் ஒலி இருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி பதியலாம். நாடா விலை அதிகம் என்பதால் உலகம் முழுக்க ஒலிபரப்பு நிலையங்கள் அதைத்தான் செய்தன. நம் வானொலி மட்டுமல்ல, பி.பி.சி.யும் 1970-கள் வரை பழைய நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியது. பம்பாய் மழைக்காலத்தில் நாடாவில் பூஞ்சையும் பூக்கும். அதனால் சிம்லா பீட் பிழைத்தது. வானொலி விளம்பரங்கள் பிழைக்கவில்லை.

வானொலி விளம்பரத்தில்தான் தமிழர்களின் கதை வருகிறது. 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கத் தொடங்கியதும் நேயர்கள் இலங்கை வானொலிக்குத் தாவினார்கள். விளம்பரதாரர்களும் பின்னாலேயே போனார்கள். அந்த வருடம் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' ஒரு பற்பசைக்கான விளம்பர நிகழ்ச்சி. பம்பாயில் பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அதன் குரலான அமீன் சயானி 2024 பிப்ரவரியில் மும்பையில் காலமானார். 54,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், 19,000 விளம்பரத் துணுக்குகள் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் எத்தனையை நாம் இன்று கேட்க முடியும்?

தமிழில் அதே இலங்கை வானொலியின் கே.எஸ். ராஜாவை நினைத்துப் பாருங்கள். 'திரை விருந்து' என்று சினிமா விளம்பரத்தையே ஒரு நிகழ்ச்சியாக்கியவர். மூச்சு விடாமல் அவர் பேசும் வேகத்தைக் கேட்கவே ராமேசுவரத்திலிருந்து சென்னை வரை காத்திருந்தார்கள். படம் ஓடாவிட்டாலும் விளம்பரம் ஓடியது. 1989-இல் இலங்கையின் கொடிய காலத்தில் அவர் கொல்லப்பட்டார். அவர் குரலில் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் பல, நேயர்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்தவை. அவர்கள் ரசிகர்கள். ஆவணக் காப்பாளர் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தவர்கள்.

1967 நவம்பர் 1-ஆம் தேதி பம்பாய், புனே, நாகபுரி விவித பாரதியில் விளம்பர ஒலிபரப்பு தொடங்கியது. தென்னாட்டு நிலையங்களுக்கும் அது வந்ததும் பம்பாய் விளம்பர கம்பெனிகளுக்குத் தமிழ் தேவைப்பட்டது. சோப்பு, தலைவலித் தைலம், சைக்கிள், பிஸ்கட் எல்லாவற்றுக்கும். வாசகத்தை மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உட்கார்ந்து ஒருவர் தமிழாக்குவார். இன்னொருவர் அதைத் தாடதேவ் பக்கம் ஒலிப்பதிவுக்கூடத்தில் போய்ப் படிப்பார்.

பின்னாளில் அந்த வேலையை நானும் சில வருடம் செய்திருக்கிறேன். இந்தி மெட்டு முன்னமே தயார். அதில் 'ஹை' என்று ஓரசையில் முடியும் இடத்தில் தமிழில் 'இருக்கிறது' என்று பல அசை வந்து நிற்கும். வினைமுற்றை வெட்டினால்தான் மெட்டுக்குள் அடங்கும். யாப்பிலக்கணம் படித்ததற்கு ஏதோ பலன் கிடைத்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்குத் தமிழ் தெரியாது. கடிகாரத்தைப் பார்ப்பார். முப்பது விநாடிக்குள் முடிந்தால் நல்ல தமிழ். முப்பத்திரண்டு ஆனால் மோசமான தமிழ்.

அந்த நாட்களில் எனக்கு அறிமுகமானவர் செம்பூர் மாமி ஒருவர். 1970-களின் கடைசியிலிருந்து இருபது வருடத்துக்கும் மேலாகத் தமிழ் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்தவர். தமிழ்நாட்டில் நாற்பது வயதைத் தாண்டிய யாரும் அவர் குரலைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அவர் அதைக் கேட்டதில்லை. பதிவு பம்பாயில், ஒலிபரப்பு சென்னையிலும் திருச்சியிலும்.

"எங்காத்து ரேடியோல எப்படிப்பா வரும்? திருச்சியில அக்கா இருந்தா. அவ கார்டு போடுவா, இன்னிக்குக் கார்த்தால உன் குரல் வந்ததுடீன்னு. அதான் எனக்கு சர்ட்டிபிகேட்" என்றார்.

நாடா ஏதாவது கையில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நமக்கு எதுக்குத் தருவா? கவர்ல பணம் தருவா, வவுச்சர்ல கையெழுத்து வாங்கிப்பா. டாக்ஸிக்குத் தனியா குடுத்தா நல்ல கம்பெனி."

அக்காவின் கார்டுகளை அவர் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு கலைஞரின் இருபது வருட உழைப்புக்கு அந்த நாலு வரி கார்டுகள்தான் ஆவணம். அவர் குரல் பதிவான நாடாக்கள் இருந்த ஒலிப்பதிவுக்கூடம் கைமாறி, இடம் மாறி, இப்போது இல்லை. அங்கிருந்த பெட்டிகள் எங்கே போயின என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. கேட்டவனை விசித்திரமாகப் பார்த்தார்கள். பழைய தலைவலித் தைல விளம்பரத்தை யாராவது வைத்துக்கொள்வார்களா?

சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. 1954-இல் ஒரு சட்டம் வந்தது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் பதிப்பாளர் முப்பது நாட்களுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் தன் செலவில் அனுப்ப வேண்டும். 1956-இல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். இசைத்தட்டும் ஒலிநாடாவும் அதில் இல்லை. நாலாந்தர நாவலுக்கு அரசாங்க அலமாரியில் இடம் உண்டு. ஒரு தலைமுறையின் குரலுக்கு இல்லை.

அதே சமயம் உரிமைக் காவல் மட்டும் பலமாக இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் உரிமை நீடிக்கும். 1970-இல் வெளியான தட்டு 2030 முடியும் வரை பொதுச் சொத்து ஆகாது. வைத்திருப்பவர் காப்பாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. காப்பாற்றியவர் வெளியிடக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. ஊர் பேர் தெரியாத நேயர் நாடாவில் பிடித்து வைத்த விளம்பரத்தை அவர் ஊருக்குக் கேட்கக் கொடுக்க நினைத்தால், யாரிடம் அனுமதி கேட்பது? சோப்புக் கம்பெனி விற்கப்பட்டுவிட்டது. விளம்பர கம்பெனி மூடிவிட்டது. குரலுக்கு உரியவருக்கு வவுச்சரோடு உரிமை முடிந்தது.

நான் குடியிருக்கும் முலுண்டில் இப்போது பழைய கட்டடங்களை இடித்துக் கோபுரங்கள் எழுப்புகிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இதே கதை. ஐம்பது வருடம் குடியிருந்தவர்கள் இரண்டு வருடத்துக்கு வாடகை வீட்டுக்குப் போகிறார்கள். போகும்போது பரண் காலியாகிறது. பித்தளை அண்டா உறவினர் வீட்டுக்கு, பஞ்சாங்கமும் பத்திரிகையும் ரத்திவாலாவுக்கு. காகிதத்துக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை வைத்திருக்கும் ரத்திவாலா கேசட்டைக் கண்டால் முகம் சுளிக்கிறார். பிளாஸ்டிக்கும் திருகாணியும் நாடாவும் கலந்தது. பிரிக்கக் கூலி கட்டாது. அது நேராகக் குப்பை வண்டிக்குப் போகிறது.

அந்தக் குப்பையில் சினிமாப் பாட்டுக் கேசட் போனால் கவலை இல்லை. பாட்டு வேறு ஆயிரம் இடத்தில் இருக்கிறது. கடையில் விற்காத பதிவுதான் திரும்பி வராது. இலங்கை வானொலியிலிருந்து மாமா பிடித்து வைத்தது, கம்பெனி தன் வியாபாரிகளுக்குத் தீபாவளிக்குக் கொடுத்த பாட்டுத் தட்டு, கல்யாணத்தில் பாடிய அத்தை, தேர்தல் வேனில் ஒலித்த கேசட். மேல்நாட்டில் 'விற்பனைக்கு அல்ல' என்ற முத்திரையைப் பார்த்தால் ரசிகன் இரண்டு கையாலும் எடுத்துக்கொள்கிறான். நம் வீட்டில் அதே வாசகம் 'விலை போகாது' என்று அர்த்தமாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் நான் பார்த்த தவறுகளில் இதுதான் பெரியது.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கேசட்டின் மேல் யார் குரல், எந்த வருடம், எந்த ஊர் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. பெயர் இல்லாத நாடாவை எந்த நூலகத்தாலும் காப்பாற்ற முடியாது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-இலிருந்து தமிழின் அச்சுப் பொருள்களோடு இசைத்தட்டுகளையும் சேர்த்துவருகிறது. ஒரு தனி மனிதர் காரைக்குடிப் பக்கத்தில் ஆசையாகச் சேர்த்து வைத்ததுதான் அதற்கு வித்து. சினிமா நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும்கூட விடாமல் எடுத்து வைத்தவர் அவர். இன்று ஆராய்ச்சியாளர்கள் முதலில் கேட்பது அந்த நோட்டீஸ்களைத்தான்.

மும்பைத் தமிழர்களிடம் இப்படி ஒன்று இல்லை. சபைகள் இருக்கின்றன, சங்கங்கள் இருக்கின்றன, பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடக்கிறது. ஓர் அறையும், ஓடக்கூடிய ஒரு டேப் ரிக்கார்டரும், பொறுமையுள்ள ஓர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் கிடைத்தால் போதும். சிகரெட் கம்பெனிக்கு இருந்த அக்கறை நமக்கும் இருக்கக் கூடாதா? அவர்களுக்காவது விற்க ஒரு சரக்கு இருந்தது.

செம்பூர் மாமிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. குரல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, உச்சரிப்பு தளரவில்லை. அவர் குரல் பதிந்த நாடா தமிழ்நாட்டில் யார் வீட்டுப் பரணிலாவது, 'திரை கானம்' பாட்டுக்கு நடுவே முப்பது விநாடி தற்செயலாக ஒட்டிக்கொண்டிருக்கும். தலைவலித் தைல விளம்பரம் வந்ததும் பட்டனை அமுக்கி நிறுத்தாத ஒரு சோம்பேறி ரசிகர் எங்காவது இருந்திருப்பார். அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.